முதல் பாட்டில் ஏறுமுன் பிடிக்க வேண்டிய சிறுநீர்

"கை கால் வரவில்லை" என்று விடியற்காலையில் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வரப்படுகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு மூளையிலும் பழுதிருக்காது, நரம்பிலும் இருக்காது. ரத்தத்தில் 3.5-க்குக் குறையக் கூடாத பொட்டாசியம் 2-க்கும் கீழே போயிருக்கும். டிரிப்பில் பொட்டாசியம் ஏற்றினால் இரண்டு மூன்று நாளில் எழுந்து நடந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘ஹைப்போகலீமிக் பராலிசிஸ்’ (பொட்டாசியக் குறைவால் வந்த வாதம்) என்று இருக்கும். நடந்தது அதில் இருக்கிறது. பொட்டாசியம் எந்த வழியாகப் போனது என்பது இல்லை. ஆறு மாதம் கழித்து அதே ஆள் அதே நிலையில் திரும்பி வருவார்.

போன வழிகளில் ஒன்று, டிஸ்டல் ஆர்.டி.ஏ. என்று சிறுநீரக மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் தொலைநுண்குழல் அமிலத்தேக்கம். அரிதான நோய்தான். ஆனால் அதைக் கண்டுபிடிக்க மரபணுப் பரிசோதனையும் வேண்டாம், பயாப்சியும் வேண்டாம். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட் (ரத்தத்தின் காரம்), சிறுநீரில் பி.எச். (எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்), சோடியம், பொட்டாசியம், குளோரைடு, கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் தசைக் கழிவு). மாவட்டத் தலைமை மருத்துவமனை அளவிலேயே செய்துவிடக்கூடியவை இவை. நோய் தவறிப்போவதற்குக் காரணம் கருவிப் பற்றாக்குறை அல்ல. ரத்தம் எடுத்தவர்கள் சிறுநீர் எடுக்கவில்லை. எடுத்தபோது இரண்டு பாட்டில் சலைனும் நாலு ஆம்பூல் பொட்டாசியமும் ஏறி முடிந்திருந்தன. சிகிச்சைக்குப் பின் பிடித்த சிறுநீர், ஏற்றிய மருந்தின் கணக்கைத்தான் காட்டும்.

பழுது எங்கே

நாம் சாப்பிடும் புரதம் எரிந்து, பெரியவர் ஒருவர் உடலில் நாளொன்றுக்கு எடையில் கிலோவுக்குச் சுமார் 1 மில்லிமோல் அமிலம் சேர்கிறது. வளரும் குழந்தைக்கு அது 2 முதல் 3 வரை. இதை மூச்சு வழியாக வெளியேற்ற முடியாது. சிறுநீரகம்தான் தள்ள வேண்டும். அந்த வேலையின் கடைசிக் கட்டம் சேகரிப்புக் குழலில் உள்ள ஆல்ஃபா இன்டர்கலேட்டட் செல்களில் நடக்கிறது. செல்லின் ஒரு பக்கத்தில் உள்ள புரோட்டான் பம்பு அமிலத்தைச் சிறுநீருக்குள் தள்ளும், மறுபக்கத்தில் ஏ.இ.1 என்ற புரதம், அதே அளவு பைகார்பனேட்டை ரத்தத்துக்குத் திருப்பிக் கொடுக்கும். தள்ளிய அமிலத்தை அம்மோனியா ஏந்திக்கொண்டு அம்மோனியமாக வெளியேறுகிறது. இந்தப் பம்பு சரியாக இருந்தால், தேவைப்படும்போது சிறுநீரின் பி.எச். 5-க்கும் கீழே இறங்கும்.

டிஸ்டல் ஆர்.டி.ஏ.வில் இந்தச் செல் வேலை செய்வதில்லை. ரத்தம் அமிலமாகிக்கொண்டே போகும்; சிறுநீர் மட்டும் 5.5-க்குக் கீழே இறங்காமல் 6.5, 7 என்று நிற்கும். அமிலம் போகாத இடத்தில் சோடியமும் பொட்டாசியமும் கசிகின்றன. சோடியம் குறைவதால், அதைப் பிடித்துவைக்கும் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோன் ஏறி, பொட்டாசியத்தை மேலும் வெளியே தள்ளும். தேங்கிய அமிலத்தைச் சமன்செய்ய எலும்பு தன் காரத்தைக் கொடுக்கிறது, கூடவே கால்சியமும் கரைந்து வருகிறது. அமிலத்தேக்கத்தில் சிறுநீரகம் சிட்ரேட்டைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வதால் கால்சியத்தைக் கரைசலில் பிடித்து வைக்கச் சிறுநீரில் சிட்ரேட் இருக்காது. காரச் சிறுநீர், நிறையக் கால்சியம், குறைந்த சிட்ரேட்: கால்சியம் பாஸ்பேட் கல்லுக்கு வேறென்ன வேண்டும்? கை கால் விழுவது, எலும்பு வலி, இரண்டு சிறுநீரகத்திலும் கல் என்று மூன்று மருத்துவர்களிடம் மூன்று நோயாகப் போவது பெரும்பாலும் ஒரே நோய்தான்.

எண்களைப் படிக்கும் வரிசை

இப்படி வருகிற ஒருவரின் எண்கள் பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும்: சோடியம் 138, பொட்டாசியம் 1.9, குளோரைடு 114, பைகார்பனேட் 14. பலர் பொட்டாசியத்தைப் பார்த்ததும் நின்றுவிடுகிறார்கள். பார்க்க வேண்டிய அடுத்த எண் பைகார்பனேட். பொட்டாசியம் குறைந்து பைகார்பனேட் கூடியிருந்தால் வாந்தி, தண்ணீர் மாத்திரை, கிட்டெல்மன், பார்ட்டர் என்ற பரம்பரைச் சிறுநீரகக் கோளாறுகள் என்று ஒரு பாதை. ரத்தஅழுத்தமும் கூடியிருந்தால் ஆல்டோஸ்டிரோன் மிகுதி. பைகார்பனேட் இயல்பாக இருந்தால் பொட்டாசியம் வெளியே போகாமல் செல்லுக்குள் புகுந்திருக்கலாம். அவ்வப்போது கை கால் விழும் குடும்பவழிப் பீரியாடிக் பராலிசிஸும் தைராய்டு மிகுதியால் வருவதும் இந்த வகை. நாடி 110-இல் ஓடுகிற இளைஞருக்கு டி.எஸ்.எச். என்ற தைராய்டு பரிசோதனை பார்க்காமல் விடக் கூடாது. பைகார்பனேட் குறைந்திருந்தால் மிஞ்சுவன முக்கியமாக இரண்டு: வயிற்றுப்போக்கு அல்லது ஆர்.டி.ஏ.

அதற்குமுன் ஆனயான் இடைவெளியைக் கணக்கிட வேண்டும்: சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் 138 − 128 = 10. இயல்பு. கீட்டோன், லாக்டிக் அமிலம் போன்ற வெளி அமிலம் எதுவும் சேரவில்லை என்று பொருள். அல்புமின் குறைந்தவருக்கு ஒவ்வொரு கிராம் குறைவுக்கும் 2.5 கூட்டிப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பெரிய இடைவெளிகூட இயல்பாகத் தெரியும்.

இனிச் சிறுநீர். அதே ஆளுக்கு பி.எச். 6.8, சோடியம் 60, பொட்டாசியம் 35, குளோரைடு 70, கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ரத்தத்தில் 1.9 இருக்கும்போது நல்ல சிறுநீரகம் பொட்டாசியத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்; கிரியேட்டினின் ஒரு கிராமுக்கு 13 மில்லிமோலுக்கு மேல் விடாது. இங்கே 70 போகிறது. ஓட்டை சிறுநீரகத்தில்தான். அடுத்து, சிறுநீரின் ஆனயான் இடைவெளி: சோடியம் + பொட்டாசியம் − குளோரைடு = 60 + 35 − 70 = பிளஸ் 25. அம்மோனியம் குளோரைடோடு சேர்ந்தே வெளியேறுவதால், அம்மோனியம் நிறைய இருந்தால் இந்த எண் மைனஸில் போகும். பிளஸில் நிற்பது அம்மோனியம் போகவில்லை என்பதற்கு மறைமுகச் சாட்சி.

பி.எச். எண்ணை மட்டும் நம்பினால் ஏமாறும் இடம் இதுதான். நாள்பட்ட வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் குறையக் குறைய சிறுநீரகம் அம்மோனியா உற்பத்தியைக் கூட்டுகிறது. அந்த அம்மோனியா அமிலத்தை உறிஞ்சிக்கொள்வதால் சிறுநீரின் பி.எச். 6-க்கு மேல்கூடப் போகும். பார்ப்பதற்கு ஆர்.டி.ஏ. மாதிரியே இருக்கும். ஆனால் இடைவெளி மைனஸில் இருக்கும். ‘வயிறு எப்படி?’ என்று கேட்டால் ‘நல்லாத்தான் இருக்கு’ என்றுதான் பதில் வரும். பல வருடமாக நாளுக்கு நாலு முறை போகிறவருக்கு அதுவே இயல்பு. எத்தனை முறை என்று எண்ணிக்கையில் கேட்க வேண்டும். மலமிளக்கிகளையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

நீர்ச்சத்து வற்றிச் சிறுநீர்ச் சோடியம் 25-க்குக் கீழே போனவருக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. சேகரிப்புக் குழலுக்குச் சோடியம் வந்து சேராவிட்டால் நல்ல செல்லாலும் அமிலத்தைச் சரிவரத் தள்ள முடியாது. யூரியேஸ் சுரக்கும் புரோட்டியஸ் போன்ற கிருமித் தொற்றில் பி.எச். 8-ஐத் தொடும், அதுவும் ஆர்.டி.ஏ. அல்ல. கீட்டோன் நிறையப் போகிறவருக்கும், டொலுவீன் கலந்த பசையை முகர்கிறவருக்கும் அம்மோனியம் குளோரைடை விட்டு வேறு அமிலத்தோடு சேர்ந்து வெளியேறுவதால் இடைவெளி பிளஸில் நிற்கும். அப்போது சிறுநீரின் ஆஸ்மோலாலிட்டி (கரைந்துள்ள துகள்களின் மொத்த அளவு) இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும்.

மாதிரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். புதிதாகக் கழித்த சிறுநீரைச் சிரிஞ்சில் காற்றுக்குமிழி இல்லாமல் இழுத்து, மூடி, ஒரு மணி நேரத்துக்குள் பி.எச். மீட்டரில் அளப்பது நல்லது. திறந்த டப்பாவில் மதியம்வரை கிடந்தால் கார்பன் டை ஆக்சைடு பறந்து, கிருமி வளர்ந்து, எண் தானாக ஏறிவிடும். டிப்ஸ்டிக் பட்டை 6-க்கும் 6.5-க்கும் இடையே நிறத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்வது. முதல் சந்தேகத்துக்குப் போதும், முடிவுக்குப் போதாது.

பைகார்பனேட் கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது அல்லது இயல்பாகவே இருக்கிறது, ஆனால் இரண்டு சிறுநீரகத்திலும் திரும்பத் திரும்பக் கல், அல்ட்ராசவுண்டில் சிறுநீரகத்தின் உட்பகுதியான மெடுல்லா முழுக்கச் சுண்ணாம்புப் படிவு: இப்படிப்பட்டவருக்குத்தான் அமிலச் சோதனை. 1959-இல் ராங், டேவிஸ் இருவரும் வகுத்த முறைப்படி எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் அம்மோனியம் குளோரைடு கொடுத்து, ஆறு முதல் எட்டு மணி நேரம் மணிக்கொரு முறை சிறுநீர் பி.எச். பார்ப்பார்கள். 5.3-க்குக் கீழே இறங்காவிட்டால் நோய் உறுதி. அதை விழுங்குவது கொடுமை. பலர் வாந்தி எடுத்து, சோதனையும் வீணாகிவிடும். அதனால் இப்போது தண்ணீர் மாத்திரையான ஃபியூரோசமைடு 40 மி.கி.யும் ஆல்டோஸ்டிரோன் போல வேலை செய்யும் ஃபுளுட்ரோகார்டிசோன் 1 மி.கி.யும் சேர்த்துக் கொடுத்துப் பார்ப்பது பரவியிருக்கிறது. பி.எச். இறங்கினால் நோய் இல்லை என்று விட்டுவிடலாம். இறங்காவிட்டால் அம்மோனியம் குளோரைடைக் கொண்டு உறுதிசெய்ய வேண்டியிருக்கும். ஏற்கெனவே ரத்தம் அமிலமாக இருக்கிறவருக்கு இரண்டுமே வேண்டாம். இயற்கையே சோதனையை நடத்தி முடித்துவிட்டது. பொட்டாசியம் 2-இல் நிற்பவருக்கு ஃபியூரோசமைடு கொடுப்பது ஆபத்தும்கூட.

முதல் 24 மணி நேரம்

இந்த நோயில் உயிர் போவது பெரும்பாலும் இதயத் துடிப்புக் குளறுபடியாலோ மூச்சுத் தசை ஓய்வதாலோதான். மூச்சைப் பற்றி ரத்த வாயு அறிக்கை ஒரு முன்னெச்சரிக்கை தரும். பைகார்பனேட் 14 என்றால், ஈடுகட்ட வேகமாக மூச்சுவிட்டுக் கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தை 29-ஐ ஒட்டிக் கொண்டுவந்திருக்க வேண்டும் (1.5 × 14 + 8). அப்படி இருந்தால் ரத்த பி.எச். 7.3-ஐ ஒட்டி நிற்கும். அந்த அழுத்தம் 42 என்று வந்தால், தாளில் இயல்பு வரம்புக்குள் இருப்பதால் சிவப்புக் குறி விழாது, ஆனால் பி.எச். 7.15-க்கும் கீழே போயிருக்கும். மூச்சுத் தசை தோற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. படுக்கையருகே ஒரே மூச்சில் எண்ணச் சொல்வது, தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்வது இரண்டும் இலவசம். 15-ஐத் தாண்டி எண்ண முடியாத நோயாளியை வார்டில் விடக் கூடாது.

பொட்டாசியம் முதலில், பைகார்பனேட் பிறகு. இந்த வரிசை மாறக் கூடாது. அமிலத்தைப் பார்த்துப் பதறி சோடாபைகார்ப் ஏற்றினால் மிச்சமிருக்கும் பொட்டாசியம் செல்லுக்குள் ஓடிவிடும், 1.9 சட்டென்று 1.5 ஆகும். குளுக்கோஸ் பாட்டிலில் பொட்டாசியம் கலந்து ஏற்றுவதும் அதே தவறு, இன்சுலின் சுரந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். நார்மல் சலைனில்தான் கலக்க வேண்டும். இங்கே கிடைக்கும் 10 மி.லி. பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலில் 20 மில்லிமோல் இருக்கிறது. 500 மி.லி. சலைனில் ஓர் ஆம்பூல், இரண்டு மணி நேரத்தில்: மணிக்கு 10 மில்லிமோல். கை நரம்பில் இது பாதுகாப்பான வேகம். மணிக்கு 20 வரை போக வேண்டுமானால் பெரிய நரம்பும் தொடர்ச்சியான இ.சி.ஜி.யும் வேண்டும். ஆம்பூலை நேரடியாகச் சிரிஞ்சில் செலுத்துவது எந்தச் சூழலிலும் கிடையாது. தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் ஆம்பூலைக் குத்திவிட்டு அப்படியே விடுவதும் கிட்டத்தட்ட அதுதான். மருந்து கனமாக அடியில் தங்கி, முதல் சில நிமிடங்களில் மொத்தமாக இறங்கும். கழற்றி, பலமுறை கவிழ்த்துக் கலக்கிவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

விழுங்க முடிகிறவருக்கு வாய்வழியும் சேர்த்துக் கொடுக்கலாம். பொட்டாசியம் குளோரைடு சிரப்பில் 15 மி.லி.க்கு 20 மில்லிமோல், தண்ணீரில் கலந்து. மொத்தக் குறைபாடு பல நூறு மில்லிமோல் என்பதால் ஒரே இரவில் ஈடுசெய்ய முடியாது. எவ்வளவு ஏற்றியும் ஏறவில்லை என்றால் மெக்னீசியம் பார்க்க வேண்டும். மாறாக, மூன்று நான்கு ஆம்பூலிலேயே பொட்டாசியம் துள்ளி 5-ஐத் தாண்டினால் அது ஆர்.டி.ஏ. அல்ல, செல்லுக்குள் ஒளிந்திருந்தது வெளியே வந்திருக்கிறது. பொட்டாசியம் 3-ஐ நெருங்கிய பிறகு காரத்தைத் தொடங்கலாம். ரத்த பி.எச். 7.1-க்குக் கீழே போய், காத்திருக்க முடியாத நிலை என்றால், தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டையும் ஒன்றாக ஓட்ட வேண்டியிருக்கும். கால்சியமும் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும்; அமிலம் சரியாகும்போது அயனிக் கால்சியம் குறைந்து கை விரல்கள் இழுத்துக்கொள்ளும்.

வென்டிலேட்டரில் போட்டவருக்கு மூச்சு எண்ணிக்கையை வழக்கம்போல் நிமிடத்துக்கு 14 என்று வைத்தால், அவர் அதுவரை ஈடுகட்டி வைத்திருந்ததும் போய்விடும். கூட்டித்தான் வைக்க வேண்டும்.

யாருக்கு, ஏன்

நடுவயதுப் பெண் என்றால் முதல் சந்தேகம் ஷோக்ரன் நோய்க்குறி. உடலின் எதிர்ப்பாற்றல் கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் தாக்குகிற நோய். சிறுநீரக நுண்குழலையும் சேர்த்தே தாக்கும். இந்தியாவில் பல நோயாளிகளுக்கு வாயும் கண்ணும் வறள்வதைவிட முன்னதாக, கை கால் விழுவதுதான் முதல் அறிகுறி. சோற்றை விழுங்க ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் வேண்டியிருக்கிறதா, கண்ணில் மண் விழுந்தாற்போல் உறுத்துகிறதா, சின்ன வயதிலேயே பல பல் சொத்தையா என்று கேட்க வேண்டும். ஷிர்மர் தாளில் ஐந்து நிமிடத்தில் நனைவது 5 மில்லிமீட்டருக்குள் நின்றால் கண் வறட்சி உண்டு. எஸ்.எஸ்.ஏ. எதிர்ப்பொருள் பரிசோதனை நெகட்டிவ் என்றால் உதட்டின் உட்புறச் சிறு சுரப்பியில் பயாப்சி. கிரியேட்டினினும் ஏறியிருந்தால் சிறுநீரகப் பயாப்சி தேவைப்படும். நுண்குழல்களுக்கிடையே அழற்சி இருந்தால் ஸ்டீராய்டு பலன் தரும். எதிர்ப்பாற்றலை அடக்கும் சிகிச்சை கொடுத்தாலும் காரமும் பொட்டாசியமும் நிறுத்தக் கூடியவை அல்ல. இதைப் பல நோயாளிகளுக்கு யாரும் சொல்வதில்லை.

மருந்துகளில் ஆம்போடெரிசின் பி, லித்தியம், டோபிராமேட் ஆகியவற்றைக் கேட்க வேண்டும். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் ஐபுபுரூஃபனையும் சேர்த்து. தமிழகத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு நன்கு தெரிந்த இன்னொரு காரணம் ஒடுவன் தழை நச்சு. புரோட்டான் பம்பை முடக்கி, இதே பொட்டாசியக் குறைவையும் அமிலத்தேக்கத்தையும் அது உண்டாக்குகிறது. தொடக்கத்தில் நன்றாக இருப்பவர்கூடச் சில நாளில் துடிப்புக் கோளாறுக்குப் போகலாம் என்பதால், நலமாகத் தெரிகிறார் என்று சீக்கிரம் அனுப்பிவிடக் கூடாது.

குழந்தை என்றால் பெரும்பாலும் மரபணு. மாமன் மகள், அக்கா மகள் என்று உறவுக்குள் மணம் முடித்த பெற்றோரா என்று கேட்பது இங்கே சம்பிரதாயக் கேள்வி அல்ல. பம்பின் உறுப்புகளை உருவாக்கும் இரண்டு மரபணுக்களில் எதுவானாலும், அதன் பழுது பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய் தோன்றும். ஏ.டி.பி.6.வி.1.பி.1 மரபணுவில் பழுதுள்ள குழந்தைகளுக்குச் சிறுவயதிலேயே காது கேட்பது குறையும், ஏ.டி.பி.6.வி.0.ஏ.4 என்றால் பெரும்பாலும் பிந்தி. காரம் எவ்வளவு ஒழுங்காகக் கொடுத்தாலும் காதைக் காப்பாற்றாது. ஆகவே நோய் தெரிந்த நாளிலேயே செவித்திறன் சோதனை, பிறகு ஆண்டுதோறும். ஏ.இ.1 மரபணுப் பழுதில் சிலருக்கு ரத்தச் சிவப்பணு உடையும் சோகையும் சேர்ந்து வரும், ஏனெனில் அதே புரதம் சிவப்பணுச் சவ்விலும் இருக்கிறது.

குழந்தைகளில் நடக்கும் பெரிய தவறு வைட்டமின் டி. கால் வளைந்திருக்கிறது, ரிக்கெட்ஸ் என்று 6 லட்சம் யூனிட் கொடுக்கிறார்கள். சரியாகவில்லை, இன்னொரு 6 லட்சம். பைகார்பனேட் யாரும் பார்ப்பதில்லை. ஏற்கெனவே கால்சியம் கொட்டிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு மேலும் படிகிறது. முதல் பெருமருந்துக்கு எக்ஸ்ரேயில் குணம் தெரியாத ஒவ்வொரு குழந்தைக்கும் பைகார்பனேட், பாஸ்பேட், சிறுநீர் பி.எச். மூன்றும் பார்த்தே ஆக வேண்டும். ஆர்.டி.ஏ. என்று தெரிந்து காரம் தொடங்கினால் எலும்பு தேறும், உயரமும் பிடிக்கும்.

வாழ்நாள் மாத்திரை

பெரியவருக்குக் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிமோல் காரம் போதும். குழந்தைக்கு 2 முதல் 4, கைக்குழந்தைக்கு அதற்கும் மேல். (10, 15 என்று கொடுத்தும் பைகார்பனேட் ஏறவில்லை என்றால் பழுது முன்நுண்குழலில் இருக்கலாம், அது வேறு வகை ஆர்.டி.ஏ.) 500 மி.கி. சோடியம் பைகார்பனேட் மாத்திரையில் சுமார் 6 மில்லிமோல் இருக்கிறது, 1080 மி.கி. பொட்டாசியம் சிட்ரேட்டில் 10. ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு 60 மில்லிமோல் என்று கொண்டால் வெறும் சோடா மாத்திரையில் நாளுக்குப் பத்து. பொட்டாசியம் சிட்ரேட்டில் ஆறு. சிட்ரேட் கல்லீரலில் பைகார்பனேட்டாக மாறுகிறது, பொட்டாசியத்தையும் சேர்த்துக் கொடுக்கிறது, கல்லையும் தடுக்கிறது. சோடியம் மட்டும் அதிகம் கொடுத்தால் சிறுநீரில் கால்சியமும் பொட்டாசியமும் கூடுதலாகப் போகும். அதனால் முடிந்தவரை பொட்டாசியம் சிட்ரேட்டே முதன்மையாக இருக்கட்டும். பொட்டாசியம் குளோரைடு சிரப் அவசரத்துக்கு உதவும். அதில் காரம் இல்லை என்பதால் நீண்ட நாளைக்கு அது மட்டும் போதாது. வீடு திரும்பியவர்களில் பலர் அந்த ஒரு சிரப்பை மட்டும் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, உணவுக்குப் பின், படுக்கும்போது ஒன்று கட்டாயம். இரவு வேளை விட்டால் விடியலில் அமிலம் ஏறியிருக்கும். 12 மணி நேரம் வேலை செய்யும் குருணை மருந்து 2021 முதல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றிருக்கிறது. இங்கே மாத்திரைதான் நடைமுறை. ஆப்ப சோடாவும் அதே சோடியம் பைகார்பனேட்தான், ஒரு தேக்கரண்டியில் 50 மில்லிமோலுக்கு மேல் இருக்கும். கரண்டி அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் மாத்திரை கிடைக்காத நாளுக்கு மட்டும், மருத்துவர் சொன்ன அளவில். பேக்கிங் பவுடர் அதற்கு ஈடல்ல. இளநீர் நல்லதுதான், ஆனால் ஒரு தம்ளரில் பத்துப் பன்னிரண்டு மில்லிமோல் பொட்டாசியம் இருந்தாலே பெரிது.

பைகார்பனேட் 22-க்கு மேல் நிற்க வேண்டும், பொட்டாசியம் இயல்பில், 24 மணி நேரச் சிறுநீரில் கால்சியம் கிலோவுக்கு 4 மி.கி.க்குள். ரத்தத்தை, காலை முதல் வேளை மாத்திரைக்கு முன் எடுக்க வேண்டும். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் எண் அழகாக இருக்கும். குழந்தைக்கு மூன்று நான்கு மாதத்துக்கொரு முறை, எடை கூடக் கூட அளவையும் கூட்டி. பெரியவருக்கு ஆறு மாதத்துக்கொரு முறை, ஆண்டுக்கொரு அல்ட்ராசவுண்டு.

வாந்தி பேதி வந்து மாத்திரை தங்காவிட்டால், வீட்டில் காத்திருக்காமல் அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். அறுவைசிகிச்சைக்கு முன் ‘ஒன்றும் சாப்பிடாதீர்கள்’ என்றால் மாத்திரையும் நின்றுவிடும். மயக்க மருத்துவருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். கருவுற்றால் தேவை கூடும். பல வருடப் படிவால் சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவருக்கு நிலைமை தலைகீழாகும்: ஒருகாலத்தில் கொட்டிய பொட்டாசியம் தேங்கத் தொடங்கும். கிரியேட்டினின் ஏறுகிற ஒவ்வொரு முறையும் பொட்டாசியம் சிட்ரேட்டைக் குறைத்து, சோடியம் பைகார்பனேட்டால் ஈடுகட்டி, ஒரு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.